மாப்பிள்ளையின் டிரெய்லரும் ஒரு பழைய பல்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வருடம் ஐந்து மாதம் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள சின்ன வீடு. சொந்த இன்ஜின் கிடையாது. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும்.

ஊர்சுற்றக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது அதன் ரன்னிங் லைட் எரியவில்லை. டிரக்கில் ஹெட்லைட் போட்டதும் டிரெய்லரின் முன்பக்கம் மஞ்சளாகவும் பின்பக்கம் சிவப்பாகவும் எரிய வேண்டிய விளக்குகள் அவை. அங்கே 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான டிரெய்லருக்குப் பின்னால், மேலே நடுவில் மூன்று சிவப்பு விளக்குகள் சட்டப்படி வேண்டும். எங்கள் வண்டியில் ஒன்றுகூட எரியவில்லை. பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் மட்டும் ஒழுங்காக இருந்தன.

"பகல்லதானே அத்தை ஓட்டப்போறோம். வந்து பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

மகள் வீட்டுக்குப் போன இடத்தில் வாயைத் திறக்க யோசனையாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டான். ஆறாம் வகுப்பில் நான் மின்சுற்று சொல்லிக்கொடுத்தவன். கரும்பு வெட்டும் காலம். வேலை முடிந்து இரவில் பைக்கில் திரும்பியவன், முன்னால் நின்ற டிராக்டர் டிரெய்லர் தெரியாமல் மோதிவிட்டான். அதன் பின்னால் ஒரு விளக்கும் இல்லை, ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லை. இருபத்து மூன்று வயது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. வழியில இருட்டிடுச்சுன்னா? நானும் கூட நிக்கிறேன், பாத்துருவோம்" என்றேன்.

அவர் வயரின் நிறத்தை வைத்துத் தேடிக் குழம்பியிருந்தார். ரன்னிங் லைட்டுக்குப் பழுப்பு நிற வயர் என்று ஒரு முறை. இந்த மாதிரி வீட்டு வண்டிகளில் பச்சை என்று இன்னொரு முறை. இவர் பிடித்துக்கொண்டிருந்த பழுப்பு வயர் வலது இண்டிகேட்டருக்கானது!

நிறத்தை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம். மற்ற விளக்குகள் நன்றாக எரிவதால் பொதுவான எர்த் வயரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. டிரக்கில் ரன்னிங் லைட்டுக்கென்று உள்ள ஃப்யூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டால் நின்றது. டிரெய்லர் பிளக்கைச் செருகியதும் போனது. ஆக, கோளாறு டிரெய்லரில்.

இன்னும் எத்தனை ஃப்யூஸை எரிப்பது? ஃப்யூஸ் இருந்த இடத்தில் பழைய 12 வோல்ட் பல்பு ஒன்றை வயரோடு மாட்டச் சொன்னேன். தொடர் இணைப்பு, அவ்வளவுதான். எங்கோ வயர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். தொடுவது விட்டால் அது அணைந்து டிரெய்லர் விளக்குகள் எரியும். அவை எல்.ஈ.டி., கொஞ்சம் மின்சாரம் போதும்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. பேத்தியை அதன் பக்கத்தில் நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு மாப்பிள்ளை அடியில் படுத்து, வயரை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போனார்.

"அம்மாச்சி, அணைஞ்சிருச்சு!"

திரும்பிப் பார்த்தால் டிரெய்லர் முழுக்க விளக்கு. சட்டத்து இரும்பில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் விழுந்துபோய், விளிம்பு உரசி உரசி வயரின் தோல் உரிந்திருந்தது. அந்த இடத்தை வெட்டிச் சேர்த்து, மேலே உறை போட்டு, புது வளையம் மாட்டினார். பல்பைக் கழற்றி ஃப்யூஸைப் போட்டோம். நின்றது.

அந்தப் பையனைப் பற்றி அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னேன். மாப்பிள்ளை பதில் பேசவில்லை.

ஊர்சுற்றித் திரும்பும்போது மழையில் தாமதமாகி, வழியிலேயே இருட்டிவிட்டது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மாப்பிள்ளை குடையில்லாமல் இறங்கி, டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

நம் ஊரில் டிராக்டர், டிரெய்லர் வைத்திருக்கும் தம்பிகளே, கிளம்பும் முன் நீங்களும் ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள். ஓட்டுகிறவருக்கு அந்த விளக்கு தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் அது.