47ஆம் கிலோமீட்டர்

பழைய ரியோ–சாவ் பாவ்லோ சாலையில் 47ஆம் கிலோமீட்டர். பிரேசிலின் செரொபெடிகாவில் உள்ள வேளாண் ஆய்வு நிலையத்துக்கு அதுவே அடையாளம். நான் போனதில்லை. ஆனாலும் அங்கே வேலை பார்த்த விஞ்ஞானி யோஹன்னா டோபரைனரின் பெயர் காதில் விழுந்தால் அந்த எண்தான் முதலில் வரும், அடுத்து நீல நிறம்.

நீலம் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தது. குப்பியில் கூழ்போல் பாதி இறுகிய ஊடகம், உள்ளே வேர்த்துண்டு. சில நாளில் பச்சை ஊடகம் நீலமாகும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பாலாடை மாதிரி ஒரு படலம் நிற்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகாது. மூச்சுக்கோ ஆக்ஸிஜன் வேண்டும். இரண்டுக்கும் தோதான ஆழத்தை பாக்டீரியா தானே தேடிப்போய் நின்றுகொள்கிறது. அந்த ஊடகத்தை வகுத்தது டோபரைனரின் ஆய்வகம். என்னைக் கேட்டால், அவருடைய சாதனைகளில் இதுதான் அழகு.

அந்த பாக்டீரியாவின் பெயர் அசோஸ்பைரில்லம். பெயர் எனக்குப் பழசு. அப்பா திண்ணையில் அசோஸ்பைரில்லம் உயிர் உர பாக்கெட்டைப் பிரித்து, ஆறின அரிசிக் கஞ்சியில் கரைத்து விதைநெல்லில் பிசறுவார். பழுப்பு நிலக்கரிப் பொடியில் ஏற்றி வருவதால் கை கறுத்துவிடும். "அந்தக் கையோட சோத்துக்கு வராதீங்க" என்பாள் அம்மா. அதே வயலில் பிறகு யூரியாவும் குறைவில்லாமல் விழும். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்டா, ஒரு தைரியத்துக்கு" என்பார்.

டோபரைனருக்கு அந்தத் தைரியம் தேவைப்படவில்லை. 1924இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவர். போர் முடிந்ததும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, மியூனிக்கில் வேளாண்மை படித்து, பிரேசில் போய், 1951இல் 47ஆம் கிலோமீட்டரில் வேலைக்குச் சேர்ந்தார். நுண்ணுயிரியல் அங்கே போய்க் கற்றதுதான். நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாவைத் தேடி எல்லோரும் பயறுச் செடிகளின் வேர்முடிச்சையே பார்த்திருக்க, இவர் புல்லின் வேரையும் கரும்பின் வேரையும் கிளறினார். 1970களில் எண்ணெய் விலை ஏறி, உரமும் விலை ஏறிய பிறகுதான் உலகம் காது கொடுத்தது. அசோஸ்பைரில்லம் என்ற பேரினப் பெயர் 1978இல் வந்தது.

சோயா விஷயத்திலும் அதே பிடிவாதம். நைட்ரஜன் உரத்தை நம்பாமல், வேர்முடிச்சு பாக்டீரியாவான ரைசோபியத்தோடு ஒத்துப்போகும் ரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடினார். பிரேசில் கேட்டது. இன்றைக்கும் அங்கே சோயாவுக்கு நைட்ரஜன் உரம் அநேகமாகக் கிடையாது. நெல்லில் அது நடக்காது. பாக்கெட் யூரியாவை ஒழித்துவிடும் என்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியாவில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகிக் காற்றில் கலக்கிறது; எடைக்கு எடை, கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. ஆகவே பாக்கெட் போடுகிறவர்கள், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். அந்த வயலில் யூரியாவைக் கால் பங்காவது குறைத்துப் பாருங்கள்.