வென்றால் மட்டும் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் இருவர்

எம் பள்ளித் தமிழ் இலக்கிய மன்றத்தில் பட்டிமன்றத் தலைப்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. பணமா குணமா, கல்வியா செல்வமா என்று எங்கள் அக்காமார் பேசித் தீர்த்தவற்றையே நாங்களும் பேசிக் கொண்டிருந்தோம். இந்த ஆண்டு மன்றப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர், "யாரும் பேசாத ஒன்றைக் கொண்டு வாருங்கள் பார்க்கலாம்" என்றார்கள். எங்களில் ஒருத்தியின் அக்காள் அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள். தொலைபேசியில் பேசினால் பாதி நேரம் படிப்பைப் பற்றிப் பேசுவாள். மீதி நேரம் அந்த ஊராரின் கால்பந்துப் பித்தைப் பற்றி. அதிலிருந்து பிறந்ததுதான் தலைப்பு: "வெற்றி பல கண்ட பயிற்சியாளர் பதவியில் நீடிக்கச் சாம்பியன் பட்டமும் வேண்டுமா, வேண்டாமா?"

சீட்டுப் போட்டதில் "வேண்டும்" என்ற பக்கம் எங்களுக்கு விழுந்தது. நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்த பிறகு மனசு சரியில்லை. மேடையில் தெரிந்தே சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சொல்லவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்தான் கால்பந்து, காலால் உதைப்பது சொற்பம். உரித்த தேங்காய் போன்ற பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓடுவதும், தூர எறிந்து பிடிப்பதும், ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவதுமே ஆட்டம். கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் இந்த ஆட்டத்தைப் பார்க்க லிங்கன் நகர அரங்கில் 85,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். 1962 முதல் அங்கே ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லையாம். சனிக்கிழமை ஊரே சிவப்புச் சட்டை போட்டுக் கொள்ளும் என்பாள் அக்காள். முதல் பிரிவில் 130 பல்கலைக்கழகங்களுக்கு மேல் உண்டு. தேசியப் பட்டமோ வருஷத்துக்கு ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

மேடையில் நாங்கள் பிரம்மாஸ்திரமாக எடுத்தது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கதை. மார்க் ரிச்ட் என்பவர் 2001 முதல் 2015 வரை அங்கே பயிற்சியாளர். 145 வெற்றி, 51 தோல்வி. அதுவரை இருபது வருஷமாக எட்டாத வட்டாரப் பட்டத்தை 2002 இல் வாங்கித் தந்தார். 2005 இல் மீண்டும் ஒருமுறை. மாணவர்களிடம் அன்பானவர், கண்ணியமானவர் என்று அவரைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள். ஆனால் தேசியப் பட்டம் மட்டும் வரவில்லை. 2012 இல் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. அலபாமாவுடன் வட்டார இறுதி ஆட்டம். வெல்பவருக்குத் தேசிய இறுதி ஆட்டம். கோட்டுக்கு ஐந்து கஜம் இருக்கையில் நேரம் முடிந்துபோய், 28க்கு 32 என்று தோற்றார்கள். 2015 நவம்பர் 29 அன்று, அவ்வருஷம் ஒன்பது வெற்றி பெற்றிருந்தபோதே, அவருக்கு விடை கொடுத்து விட்டார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர் அதே ஜார்ஜியாவின் பழைய மாணவர், கர்பி ஸ்மார்ட். 2021ஆம் ஆண்டுப் பருவத்திலும் 2022ஆம் ஆண்டுப் பருவத்திலும் அடுத்தடுத்துத் தேசியப் பட்டம்! ஜார்ஜியா கடைசியாக வென்றிருந்தது 1980 இல். "நல்லவரை அனுப்பியது கொடுமைதான், ஆனால் அனுப்பாவிட்டால் நாற்பத்தோரு வருஷப் பசி தீர்ந்திருக்குமா?" என்று எங்களில் ஒருத்தி கையை நீட்டிக் கேட்டபோது மன்றமே கை தட்டியது. எதிரணித் தோழியர் பாவம், முயற்சி திருவினையாக்கும் என்ற அளவிலேயே நின்று விட்டார்கள். நாங்கள் விளக்கமாகத் தயாரித்திருந்தோம். அவர்களோ பழமொழிகளை நம்பி வந்திருந்தார்கள்.

அக்காள் இருக்கும் நெப்ராஸ்காவின் கதை எங்கள் கையில் முழுதாக இருந்தது. அதை நாங்கள் வாயே திறக்கவில்லை.

டாம் ஆஸ்போர்ன் 1973 இல் அங்கே பயிற்சியாளர் ஆனார். அவருக்கு முன்னிருந்தவர் 1970, 1971 என்று இரண்டு தேசியப் பட்டம் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே இவரை எந்தக் கோலால் அளந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பரம எதிரியான ஓக்லஹோமாவிடம் முதல் ஐந்து வருஷமும் தோல்வி. ஆறாவது வருஷம் வென்றார். அந்தப் பருவத்தின் முடிவில் கொலராடோ பல்கலைக்கழகம் அழைக்க, போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்பி வந்தார். ஒவ்வொரு வருஷமும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததில்லை. ஆனால் பட்டமும் இல்லை.

1984 ஜனவரி 2 இரவு. அவருடைய அணி அந்தப் பருவத்தில் பன்னிரண்டு ஆட்டமும் வென்று, மயாமி அணியோடு கடைசி ஆட்டம் ஆடுகிறது. 48 விநாடி மிச்சமிருக்கையில் கோட்டைக் கடந்து 30க்கு 31 என்று நெருங்கினார்கள். இனி ஒரு உதை உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமம். அந்தக் காலத்தில் கூடுதல் நேரம் கிடையாது. பட்டத்தை ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும். சமமாக முடிந்தாலே பட்டம் நெப்ராஸ்காவுக்கு என்பது அநேகமாக உறுதி. ஆஸ்போர்ன் உதைக்கச் சொல்லவில்லை. பந்தை எறிந்து இரண்டு புள்ளி எடுத்து வெல்லப் பார்த்தார். மயாமி ஆட்டக்காரர் ஒருவரின் விரல் பட்டுப் பந்து விலகிப் போயிற்று. ஒரு புள்ளியில் பட்டம் போயிற்று.

எம் பெற்றோர் சங்கமாக இருந்தால் மறுநாளே கூட்டம் போட்டிருக்கும்! லிங்கன் நகரத்தார் அவரை வைத்துக் கொண்டார்கள். இன்னும் பத்துப் பருவம் வெறுங்கையாகப் போனது. 1994 இல், தமது இருபத்திரண்டாவது பருவத்தில், அவர் முதல் பட்டத்தை வாங்கினார். 1995 இல் இன்னொன்று. 1997 இல் மிச்சிகனோடு பங்கிட்டுக் கொண்டு மூன்றாவது. 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமநிலை என்ற கணக்கோடு தாமாகவே ஓய்வு பெற்றார்.

இவ்வளவு பொறுமையான ஊர் அப்படியே இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் ஆறு வருஷத்தில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001ஆம் ஆண்டுப் பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றவர். 2003 நவம்பர் 29 அன்று, ரிச்டைப் போலவே ஒன்பது வெற்றியோடு நின்ற வேளையில், அவரை நீக்கினார்கள். பன்னிரண்டு வருஷ இடைவெளியில் அதே தேதி, அதே கணக்கு! பின்னர் நடந்ததுதான் வேறு. ஜார்ஜியாவுக்கு ஒரு வாரத்துக்குள் ஸ்மார்ட் கிடைத்து விட்டார். யாரைக் கூப்பிடலாம் என்பது அவர்கள் மனசில் முன்பே இருந்தது. நெப்ராஸ்காவோ நாற்பது நாளுக்கு மேல் தேடி அலைந்து பில் கலஹன் என்பவரைப் பிடித்தது. அடுத்த பருவமே வெற்றியைவிடத் தோல்வி கூடிற்று. 1961க்குப் பிறகு அங்கே அப்படி நடந்ததே இல்லை. 2007 இல் கலஹனை அனுப்பியது யார் தெரியுமா? விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பி வந்த அதே ஆஸ்போர்ன். இருபத்திரண்டு பருவம் பொறுமை காட்டப்பட்டவர் நான்கு பருவம் பொறுமை காட்டினார் என்று எங்களில் ஒருத்தி முணுமுணுத்தாள். மற்றவள், பிழையைத் திருத்தத்தானே அவரைக் கூப்பிட்டார்கள் என்றாள். இதில் எங்களுக்குள் இன்னும் ராசி ஏற்படவில்லை.

பிறகு போ பெலினி ஏழு வருஷம். வருஷா வருஷம் ஒன்பது அல்லது பத்து வெற்றி. அதுவும் போதவில்லை, 2014 இல் நீக்கம். (அவருடைய நாக்கும் ஒரு காரணம் என்பார்கள்.) 2017 முதல் 2023 வரை ஏழு பருவம் தொடர்ந்து தோல்வியே மிகுதி. ஒன்பது வெற்றி போதாது என்று சொன்ன ஊரில் ஒன்பது வெற்றி கனவாகிப் போயிற்று. இருந்தும் அரங்கம் நிறைந்து கொண்டேதான் இருந்ததாம். அதற்காக அந்த மக்களை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

கத்தோலிக்கப் பள்ளி மாணவியராகிய நமக்கு நோட்டர் டேம் பல்கலைக்கழகம் என்ன செய்தது என்று அறிய ஆசை இருக்கும். அங்கே 1981 இல் சின்சினாட்டியின் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஜெரி ஃபாஸ்ட் என்பவரை நேரே பயிற்சியாளராக அழைத்து வந்தார்கள். பள்ளியில் அசகாய சூரர்; இங்கே ஐந்து வருஷத்தில் 30 வெற்றி, 26 தோல்வி. கூக்குரல் எழாமலா இருக்கும்? அருட்தந்தை ஹெஸ்பர்க் தலைவராக இருந்த காலம் அது. ஐந்து வருஷம் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இறுதியில் அவரே ராஜிநாமா செய்தார். 2004 இல் டைரோன் வில்லிங்ஹாமை மூன்றே பருவத்தில் நீக்கியபோது, அப்போதைய தலைவர் அருட்தந்தை மல்லாய் தமக்கு வெட்கமாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரே அப்படிச் சொன்னது எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஆயினும் ஃபாஸ்ட் போன பிறகு வந்த லூ ஹோல்ட்ஸ்தான் 1988 இல் பட்டம் வாங்கினார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே மறைத்தது போதும்.

அண்மைக் காலத்தில் இந்த அவசரம் இன்னும் மோசமாகி விட்டது. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரயன் டே 2024 நவம்பர் 30 அன்று சொந்த அரங்கிலேயே மிச்சிகனிடம் தோற்றார்; தொடர்ந்து நான்காவது தோல்வி. அவரைத் துரத்த வேண்டும் என்று ஊரே கத்தியது. 51 நாள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, அதே மனிதர் தேசியப் பட்டத்தோடு நின்றார். அந்தப் பருவத்தில்தான் இறுதிச் சுற்றுக்கு நான்கு அணிகளுக்குப் பதில் பன்னிரண்டு அணிகளைச் சேர்த்திருந்தார்கள். பழைய விதி நீடித்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருப்பதே கடினம்.

பென் ஸ்டேட்டின் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் அந்தப் பருவத்தில் அரையிறுதி வரை போனவர். 2025 அக்டோபரில், மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றதும், 104 வெற்றிக்காரரை வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு ஏறக்குறைய 490 லட்சம் டாலர். அடுத்த மாதமே வேறொரு பல்கலைக்கழகம் அவரை எடுத்துக் கொண்டதால் அது 90 லட்சத்தில் முடிந்தது. இத்தனை பணத்தைக் கல்விக்கூடம் ஒன்று வேலை செய்யாதிருப்பதற்காகக் கொடுக்கிறது என்றால் எங்கள் கணக்கு டீச்சர் மயங்கி விழுவார்கள்.

பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினேழு வயதுப் பையன் வீட்டுக்குப் பயிற்சியாளர் வந்து, அவன் தாயிடம் "நான் பார்த்துக் கொள்கிறேன் அம்மா" என்று சொல்லி அழைத்துப் போகிறார். நான்கு வருஷம் என்று நம்பி வந்தவன், இரண்டாவது வருஷத்தில் வேறொருவர் முகத்தில் விழிக்கிறான். இப்போது அவனும் நினைத்தால் வேறு கல்லூரிக்கு மாறலாம், சம்பளமும் வாங்கலாம் என்று விதி வந்து விட்டது. நியாயந்தான். ஆனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்றும் ஆகி விட்டது.

இதையெல்லாம் ஏன் மேடையில் சொல்லவில்லை? ஜெயிக்க வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வாய் கூசுகிறது. எங்கள் விளையாட்டு டீச்சர் இப்பள்ளிக்கு வந்து இது பதினோராவது வருஷம். எறிபந்து அணி ஐந்து முறை மாவட்ட இறுதி ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. ஐந்து முறையும் கோப்பை வேறு பள்ளிக்குப் போயிற்று. நாங்கள் இருவரும் அந்த அணியில் நான்கு வருஷமாக ஆடுகிறவர்கள். சென்ற அக்டோபரில் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், வேறு ஆளை வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டதும், அது பள்ளிக்குள் கசிந்ததும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தலைப்பைக் கொடுத்தோம். டீச்சர் கடைசி வரிசையில், ஊதல் கழுத்தில் தொங்க, உட்கார்ந்து கேட்டார்கள். ஜார்ஜியாக் கதைக்கு அவர்களும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு மைதானத்துக்குப் போனபோது டீச்சர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் கொண்டிருந்தார்கள். எப்போதும் நாங்கள் வருமுன் முடித்து விடுவார்கள். நாங்கள் வாளியைப் பிடித்துக் கொண்டு நெப்ராஸ்காக் கதையை ஒன்று விடாமல் சொன்னோம். உதைக்காமல் எறியச் சொன்ன இடத்தில் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எத்தனையாவது வருஷத்தில் ஜெயித்தார் என்றாய்?"

"இருபத்திரண்டாவது பருவம், டீச்சர்."

"அவருக்கு ஊர் நல்ல ஊர்" என்று சொல்லிவிட்டு, இடது பக்கக் கோடு வளைந்திருக்கிறது, கயிற்றை இழுத்துப் பிடி என்றார்கள். பிறகு, "இதை நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும்போது நாங்கள் இருக்க மாட்டோம். டீச்சர் இருப்பார்களா என்று நிர்வாகம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைத் தாளாளர் சிஸ்டரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறோம்.