காரவள்ளி டு புதுச்சேரி: ஆயாவின் முழங்கால் போட்ட டூர் பிளான்!

எங்கள் ஊர் காரவள்ளி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்கள் எல்லோரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். வளைவு ஆரம்பிக்கும் முன் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்து, வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு கிளம்புவீர்களே, அந்த அடிவாரம்தான். அங்கே இருக்கும் டீக்கடைகளில் ஒன்று எங்கள் அப்பாவுடையது.

முப்பது வருடமாக டூர் வருகிறவர்களுக்கு டீ ஆற்றும் குடும்பம். ஆனால், நாங்கள் டூர் போனதில்லை. பழனி, திருச்செங்கோடு என்று சாமி கும்பிடப் போயிருக்கிறோம். ‘சும்மா சுத்திப் பாக்க’ என்று கடைக்குப் பூட்டுப் போட்டதே கிடையாது.

அந்தப் பூட்டைப் போட வைத்தது நான் எழுதிய ஒரு கட்டுரை. சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. ஒரு மதியம், ‘புதுச்சேரியில் மிஸ் பண்ணக் கூடாத 15 இடங்கள்’ என்று நாற்பது நிமிடத்தில் எழுதிப் போட்டேன். நன்றாகவே ஓடியது. அண்ணன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, அன்று ராத்திரியே அப்பாவிடமிருந்து போன்.

“நீ எப்ப சாமி பாண்டிச்சேரி போன?”

“போகலைப்பா. படிச்சுட்டு எழுதினதுதான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “மலைக்கு மேல போகாம நான் ஒருத்தருக்காச்சும் வழி சொல்லியிருக்கனா? சரி விடு. எல்லாரும் ஒருக்கா போயிட்டு வரலாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

‘பாண்டிச்சேரியா? ஹி... ஹி...’

டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. “அண்ணன் பாண்டிச்சேரி போறாராமா!” என்று ஆளாளுக்குக் கண்ணடித்தார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தோடு புதுச்சேரி போகிறேன் என்று ஓர் அப்பா சொன்னால், யாரும் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை. அந்த ஊருக்கு நாம் கட்டிவிட்ட பெயர் அப்படி. “எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்டா” என்று அப்பா சொன்ன பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

மொத்தம் ஆறு பேர். அப்பா, அம்மா, 75 வயதை நெருங்கும் ஆயா, அண்ணன், அவருடைய ஐந்து வயது மகள் குட்டி, நான். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. கடையை மூட அப்பா கொடுத்தது மூன்று நாள், இரண்டு ராத்திரி.

அப்பாவின் மூன்று கேள்விகள்

என் 15 இடங்களையும் இரண்டு நாளில் அடைத்து, மணி வாரியாக ஒரு பிளான் போட்டு அனுப்பினேன். அப்பா அதைப் படித்துவிட்டு, கடையில் டூரிஸ்ட்களிடம் கேட்கும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார்.

“யாரால நடக்க முடியாது? என்னிக்கு எது மூடியிருக்கும்? பொழுது எறங்குனா எப்படித் திரும்புவீங்க?”

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வயதானவர்களைக் கூட்டிவந்து, பாதியில் உட்கார வைத்துவிட்டுப் போகிறவர்களை அப்பா நிறைய பார்த்திருக்கிறார். “வண்டிய எடுத்ததுக்கு அப்புறம் கேக்கற கேள்வி இல்ல சாமி இது” என்பார்.

முதல் கேள்விக்குப் பதில், ஆயாவின் முழங்கால். ஒரே மூச்சில் அரைக் கிலோமீட்டர் நடப்பார். அப்புறம் பத்து நிமிடம் உட்கார வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் புதுச்சேரி வசதியான ஊர். பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த கடலோரப் பகுதி சிறியது, மேடு பள்ளமே இல்லை. தெருக்கள் கோடு போட்டது மாதிரி நேராக ஓடுகின்றன. கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். மாலையில் அதில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், குழந்தையைக் கையை விட்டு நடக்கவிடலாம். நடுவில் பாரதி பூங்கா, நிறைய நிழல்.

இரண்டாவது கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். ‘திங்கள்கிழமை அருங்காட்சியகம்’ என்று எழுதியிருந்தேன். அன்றுதான் அதற்கு விடுமுறை! சனி, ஞாயிறு போனால் சென்னை, பெங்களூரு கூட்டம், ரூம் வாடகையும் ஏறிவிடும். அதனால் செவ்வாய் போய் வியாழன் திரும்புவது என்று முடிவானது. இதில் நஷ்டம் அம்மாவுக்குத்தான். மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தை போச்சு. ‘பெரிய மார்க்கெட்’ என்று உள்ளூரில் சொல்லும் குபேர் மார்க்கெட்டைக் காட்டிச் சமாதானம் செய்தோம்.

மூன்றாவது கேள்விக்காக, ரூமைக் கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே எடுத்தோம். கட்டில், ஃபேன், சுத்தமான பாத்ரூம் போதும் என்பவர்களுக்கு ஆசிரம விருந்தினர் இல்லங்கள் நல்லவை. அங்கே மது, புகை கூடாது, ராத்திரி கேட் மூடவும் நேரம் உண்டு. முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

15 இடங்கள் ஆறாகக் குறைந்தன. ஆரோவில் எங்கள் பட்டியலில் இல்லை. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல், போனாலும் நடை அதிகம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

குட்டியின் வாழைப்பழம்

விடியற்காலையில் கிளம்பி, சேலத்தில் பஸ் மாறி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக மதியம் புதுச்சேரி. வழி முழுக்கக் குட்டி மடியில் ஒரு பை வைத்திருந்தாள். உள்ளே மலை வாழைப்பழம் ஒரு சீப்பு. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமிக்கு. என் கட்டுரையில் நான்காவது இடம் அந்தக் கோயில். ‘யானை லட்சுமியிடம் ஆசி வாங்க மறக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தேன். அண்ணன் அதைப் படித்துக் காட்டியதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். வாசலில் யானை இல்லை. பூ விற்கும் அம்மாவிடம் குட்டியே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

“லட்சுமி செத்துப்போச்சேம்மா. தெரியாதா உங்களுக்கு?”

2022 நவம்பர் 30. காலை நடைப்பயிற்சிக்குப் போன லட்சுமி தெருவிலேயே சரிந்து விழுந்து இறந்தது. புதுச்சேரியே திரண்டு வந்து அழுதது. செய்தித்தாள்களில் எல்லாம் வந்த செய்தி. நான் கட்டுரை எழுதியது அதற்கு வெகுநாள் கழித்து. ஏதோ ஒரு பழைய பக்கத்தைப் பார்த்து, சரிபார்க்காமல் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

குட்டி அழவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அத்தை, நீதானே இருக்குன்னு சொன்ன?” என்றாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எடிட்டரிடம் வாங்கிய எந்தத் திட்டும் அப்படி உறைத்ததில்லை.

ஆயாதான் பையைத் திறந்தார். பூ விற்கும் அம்மாவுக்கு இரண்டு, பக்கத்தில் நின்ற குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று. “லட்சுமி தின்னா என்ன, இவங்க தின்னா என்ன. கும்பிட்டுக்கோ சாமி” என்றார்.

‘நான் பொறந்தப்ப இது வெளிநாடா?’

மறுநாள் காலை கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்கிறார்கள். ஆயா தூணைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், எதிரே முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைப் பார்த்துக் குட்டி சல்யூட் அடித்தாள், அவரும் திருப்பி அடித்தார். ஒரு விஷயம் முக்கியம். கரையோரப் பாறைகளில் குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள். அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

ஆயா உட்கார வேண்டிய பத்துப் பத்து நிமிடங்களில் நான் கதை சொன்னேன். இந்த முறை சரிபார்த்துக்கொண்டு போயிருந்தேன். 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதனால் இன்று நாம் போட்டோ எடுக்கும் மஞ்சள் சுவர் வீடுகள் அதற்குப் பிறகு எழுந்த ஊரைச் சேர்ந்தவை. 1947-ல் நமக்குச் சுதந்திரம் வந்தபோதும் இங்கே பிரெஞ்சுக் கொடிதான். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்.

“அப்ப நான் பொறந்தப்ப இது வெளிநாடா?” என்றார் ஆயா.

“ஆமா ஆயா.”

“பாஸ்போர்ட் இல்லாம வந்துட்டமே!” என்று ஆயா சொல்ல, அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பொருள்களையும், கவர்னர் துய்ப்ளேயின் கட்டிலையும் பார்த்தோம். பெரும்பாலானவர்களின் புதுச்சேரி அதோடு முடிந்துவிடும், என் கட்டுரையும் அப்படித்தான். ஊரின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள், மேற்கே தமிழர்கள் என்று அன்று ஊரையே அது பிரித்தது. மேற்கே இருந்த ஒருவர்தான், துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை.

வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குள் நுழைந்தோம். கீழே திண்ணை, தூண் வைத்த தாழ்வாரம், மாடியில் மட்டும் பிரெஞ்சு பாணி ஜன்னல். ஆயாவுக்கு முழங்கால் வலி. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரலாமா என்று கேட்டோம். ஒரு பெரியவர், “அதுக்குத்தானேம்மா கட்டியிருக்கு” என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவராம். இங்கே அவர்களுக்கு ‘சொல்தா’ என்று பெயர். சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தமிழ் வடிவம். 1962-ல் விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றிருந்தது. இவருடைய அப்பா தேர்ந்தெடுத்தார். “எனக்கு பிரான்ஸ் ஜனாதிபதிக்கு ஓட்டு. எங்க வீட்டம்மாவுக்கு பாண்டிச்சேரி எம்.எல்.ஏ-வுக்கு ஓட்டு. சண்டையே வராது” என்று சிரித்தார்.

அரை மணி நேரம் அங்கேயே போனது. கொல்லிமலை மிளகு பற்றி அவர் கேட்டார், சைகோனில் அவர் சித்தப்பா இருந்த கதையை ஆயா கேட்டார். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு இடம் பார்த்திருக்கலாம். யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

மதியத்துக்கு மேல் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908-ல் ஆங்கிலேயர் கைதுக்குத் தப்பி வந்தவர், பத்து வருடம் இந்த ஊரில் இருந்தார். 1918-ல் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கடலூர் பக்கத்தில் கைது. அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த அப்பா, “எல்லைன்னா அவ்வளவு பக்கமா?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்த பிறகு

வியாழக்கிழமை காலை கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுக் குழாம். குட்டி படகில் யானையை மறந்தாள். ராத்திரி காரவள்ளி வந்து சேர்ந்தோம்.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக அந்தக் கட்டுரையைத் திறந்தேன். நான்காவது இடத்தில் லட்சுமி இறந்த தேதியைச் சேர்த்தேன், திங்கள்கிழமையைத் திருத்தினேன். மேலே, ‘இது திருத்தப்பட்டது’ என்று ஒரு வரி. எடிட்டர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். “நல்லது, போய்ட்டு வந்ததையும் எழுது” என்றார். அதுதான் இது.

நீங்கள் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள் என்றால் என் பட்டியலை விடுங்கள். அப்பாவின் மூன்று கேள்விகளை முதலில் கேளுங்கள். வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகத்துக்கு பிளான் போடுங்கள். அவர் உட்காரும் இடத்தில் எல்லோரும் உட்காருங்கள். வாய்க்காலின் இரண்டு பக்கமும் பாருங்கள்.

போன வாரம் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கடை முன்னால் புதுச்சேரி நம்பர் பிளேட்டோடு ஒரு கார் நிற்கிறது. டீ கிளாஸை நீட்டிக்கொண்டே அப்பா கேட்கிறார்:

“நீங்க வாய்க்காலுக்கு எந்தப் பக்கங்க?”