கடலோரத்து எங்கள் பழைய ஊர்

காரைக்குடியில் ஆறு கிடையாது, ஊருணிதான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, "நம்ம பூர்வீகம் கடற்கரைடி" என்று ஆத்தா சொல்லும்போதெல்லாம் சிரிப்புத்தான் வரும். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள் என்பது எங்கள் மரபு வரலாறு. ராஜாவோடு பிணக்கு வந்ததால் கிளம்பினார்கள் என்று ஒரு கதை. கடல் பொங்கியதால் என்று இன்னொரு கதை. செட்டிநாட்டு வீடுகளை உயரமான அடித்தளத்தில் கட்டுவதே அந்தப் பழைய பயத்தினால்தான் என்பார் ஆத்தா. மழைத் தண்ணீருக்கும் கரையானுக்கும் பயந்து கட்டியதாகவும் இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. அதை அவரிடம் சொல்ல முடியுமா?

இந்த வருஷம் தை அமாவாசை பொங்கல் விடுமுறையை ஒட்டி வந்தது. "சங்கமத்துல ஒரு முழுக்குப் போடணும்" என்று ஆத்தா சொல்ல, கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். எனக்கு உள்ளூர வேறொரு கவலை. எங்கள் பெரிய வீட்டை விற்றுவிடுவது என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். ஆத்தாவிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. போகிற இடத்தில் பக்குவமாகச் சொல்லிவிடு என்று என் தலையில் கட்டியிருந்தார்கள்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் கிழக்கே போனால் பூம்புகார். வழியெல்லாம் வயல். மேலையூரில் காவிரியின் கடைசிக் கதவணை இருக்கிறது. அதைத் தாண்டினால் கடல்தான். குடகில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் ஓடிவந்த காவிரி, கொள்ளிடத்துக்கும் வாய்க்கால்களுக்கும் கொடுத்தது போக, இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறாள். "இதுவா காவிரி?" என்றாள் மகள். பெற்றதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும் அம்மா வேறெப்படி இருப்பாள் என்றேன்.

பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லையே என்று முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மீனவர் குப்பம், மணல், அலையைத் தடுக்கக் கொட்டிய பெரிய பாறாங்கற்கள், 1973ஆம் ஆண்டில் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம். அவ்வளவுதான். ஆனால் பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுவது வேறு ஊர். கரிகாலன் காலத்தில் கப்பலில் குதிரை வந்து இறங்கும். உள்நாட்டிலிருந்து மிளகு மூட்டை வரும். மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்குவார்கள். கடலையொட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே நாளங்காடி என்கிறது சிலப்பதிகாரம். இரவில் நடக்கும் அல்லங்காடி தனி. அந்தக் காலத்துப் பெண்களும் பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரிதான் கடைக்குப் போனார்களோ என்னவோ!

அத்தனையும் எங்கே போயிற்று? இந்திர விழாவை மறந்ததால் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. ஒரே நாளில் மூழ்கியதா, கரை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போனதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் முழுக்க ஒரேயடியாக அழியவில்லை என்பது மட்டும் எனக்கே புரிந்தது. இங்குள்ள சாயாவனம், பல்லவனேச்சுரம் கோயில்களைச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடியிருக்கிறாரே! ஜனங்கள் இல்லாத ஊரிலா பாடுவார்?

பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரம் ஒன்றையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நான் அசந்து நின்றது கீழையூரில். 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது அங்கே செங்கல்லில் கட்டிய படகுத்துறை கிடைத்தது. படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பத்தைச் சோதித்து, சுமார் 2,300 ஆண்டுப் பழசு என்று கணித்தார்கள். இன்று கடலும் ஆறும் அதைவிட்டுத் தள்ளிப் போய்விட்டன. படகுத்துறை மட்டும் தரையில் கிடக்கிறது.

ஆத்தா அந்தச் செங்கற்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுக் கல்லைவிடப் பெருசுடி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தூணையெல்லாம் யாருக்குப் பேசியிருக்காக?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "கொல்லைப் பக்கத்து ஆட்டுக்கல்லை மட்டும் குடுக்க வேணாம்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சங்கமத்தில் நல்ல கூட்டம். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். கரையில் கருவாடு விற்ற ஓர் அம்மாள், 2004 டிசம்பர் 26ஐ நேற்று நடந்ததுபோல் சொன்னாள். அப்போது இது நாகப்பட்டினம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். "ஞாயித்துக்கிழமைங்க. புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்ல. கரையிலதான் வெளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க" என்றவள் மேலே சொல்லவில்லை. இப்போது வீடு உள்ளே தள்ளித்தானாம். "தொழிலு இங்கதானே, எங்க போறது?" என்று தராசைத் துடைத்தாள். என் மகள் அதற்கப்புறம் "இங்க என்ன இருக்கு" என்று கேட்கவில்லை.

குழந்தைகளோடு போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே அலையும் இழுப்பும் அதிகம். கால் நனைத்தால் போதும். அதுவும் கையைப் பிடித்தபடி. கடற்கரையில் நிழல் குறைவு. குடிதண்ணீரும் புளியோதரையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். காலையிலேயே கீழையூர், பல்லவனேச்சுரம் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்கு வந்தால் பிள்ளைகள் வாடாது. நேரமிருந்தால் பக்கத்தில்தான் திருவெண்காடு.

ஆடி மாதம் பல்லவனேச்சுரத்தில் பட்டினத்தார் விழா நடக்கும். அதற்கும் வரவேண்டும் என்று ஆத்தா வண்டியிலேயே சொல்லிவிட்டார். இந்தத் தடவை மற்ற பங்காளி வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வேனில் போவதாக ஏற்பாடு.