ஒளிக்க ஒன்றுமில்லாத மனசு

“நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?” “நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்.” “என் காசு, என் உடம்பு, உனக்கென்ன?” சென்னையின் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பக்கத்தில் இந்தப் பேச்சுகள் காதில் விழாத தெரு கிடையாது. இங்கே பிழைப்பு ஷிஃப்டோடு கட்டப்பட்டது. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அறுபதுகளில் எழுந்த ஆலைகளையும், அவற்றை நம்பி அம்பத்தூர் எஸ்டேட்டில் முளைத்த நூற்றுக்கணக்கான பட்டறைகளையும் தேடி, தென்மாவட்டங்களிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்த உடம்பு வலிக்கு என்று சிலர் குடிக்கவும் பழகினார்கள்.

குடியைவிடக் கொடியது அதை இல்லையென்று சொல்லும் பழக்கம். அது குடிக்கிறவரோடு நிற்பதில்லை. வேலைக்குப் போக முடியாத காலையில் மனைவி சூப்பர்வைசருக்கு போன் போட்டுக் காய்ச்சல் என்கிறாள். சீட்டுப் பணம் கேட்டு வருகிறவரிடம் மகன், அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்கிறான். நாலு வாரமாக ஆராதனைக்கு வராதவரைப் பார்த்து சபை மூப்பர், “வெளியூரா?” என்று அவரே பதிலையும் எடுத்துக்கொடுத்துவிடுகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மானம் காக்கிறார்கள். ஆனால் அந்த மானத்தின் நிழலில்தான் நோய் வளர்கிறது.

நோய் என்றுதான் சொல்ல வேண்டும். கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் அவர் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கினார். சென்னை இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை என்று எல்லோரும் அறிந்த இடம் அதுதான். அங்கே குடித்தவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. மறைத்து மறைத்து அவர்களும் நொந்துபோயிருக்கிறார்கள் என்பதே காரணம். விசுவாசிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் நிறையக் குடித்தவர் ஜெபித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

மருத்துவம் உடம்பைத் தெளிவிக்கும். மனசாட்சி தெளிவது வேறு வேலை. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சி.என்.சி. ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். குடியை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. வீட்டு ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்வார். மனைவியின் தாலி அடகுக்கடைக்குப் போனது, மகளின் பள்ளிக் கட்டணம் டாஸ்மாக் கடைக்குப் போனது, எல்லாவற்றையும் சொல்வார். கேட்பவர்கள் அழுவார்கள், ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஆனால் ஒன்றை மட்டும் அந்தச் சாட்சியில் சேர்த்ததே இல்லை.

எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. நைட் ஷிஃப்டில் போதையோடு டூல் ஆஃப்செட்டைத் தப்பாகப் போட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் ட்ரே ட்ரேயாக விட்டம் குறைந்த பீஸ்கள். விட்டம் கூடியிருந்தால் மறுபடி கடைந்து சரி செய்யலாம், குறைந்துவிட்டால் ஸ்கிராப்தான். யார் செய்தது என்று கேட்டபோது, கூட நின்ற காண்ட்ராக்ட் பையனைக் கைகாட்டினார். பையனை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். “அவன் மெஷினைத் தொட்டதை நான் பாத்தேன்னே நம்ப ஆரம்பிச்சிட்டேன். போகப் போக அதுதான் நெசம்னு எனக்கே ஆயிடுச்சு” என்றார் என்னிடம்.

மறுப்பு என்பதன் முழு உருவமும் இந்தப் பேச்சில் இருக்கிறது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். மறுக்கிறவன் அதைத் தன்னிடமிருந்தே எடுத்து வைத்துவிடுகிறான். குடி போன பிறகும் இது போகவில்லை. சாட்சியில் சொன்ன பாவங்களே, சொல்லாத பாவத்துக்குத் திரையாகிவிட்டன.

ஒரு வருடம் லெந்து காலத்தில் போதகர் பேதுருவின் மறுதலிப்பைப் பற்றிப் பேசினார். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள். கையில் வாள் இல்லை, பதவி இல்லை, கேள்வி மட்டும்தான். அவளிடம்தான் பேதுரு முதலில் மறுக்கிறார். கலிலேயப் பேச்சு காட்டிக்கொடுத்தும் மறுக்கிறார், சபித்துச் சத்தியம் பண்ணியும் மறுக்கிறார். சேவல் கூவுகிறது, வெளியே போய் மனங்கசந்து அழுகிறார். பிரசங்கம் முடிந்ததும் எங்கள் தெருக்காரர் வீட்டுக்குப் போகாமல் போதகரின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னார். போதகர் அவரோடு முழங்காலில் நின்று ஜெபித்தார், தேவன் மன்னித்தார் என்று உறுதி சொன்னார். எழுந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தத் தம்பி இப்ப எங்க இருக்கார்?”

அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். மன்னிப்பைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு கேட்டதால் மதிக்கிறேன்.

இந்த வரிசையில்தான் கிறிஸ்தவ விசுவாசத்தின் உயிர் இருப்பதாக எனக்குப் படுகிறது. உலக வழக்கம் வேறு: முதலில் குற்றத்தை ஒப்புக்கொள், பிறகு மன்னிப்பதா வேண்டாமா என்று பார்க்கலாம். அப்படிச் சொன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? வேலை போகும், கல்யாணச் சம்பந்தம் போகும், தெருவில் தலை நிமிர முடியாது. கைவிடப்பட மாட்டோம் என்று தெரிந்த இடத்தில்தான் மனிதன் தன்னைப் பற்றிய உண்மையைத் தாங்குவான்.

அதே இரவில் தவறிய இன்னொருவனும் உண்டு. மத்தேயு சொல்லும்படி, யூதாசும் மனஸ்தாபப்பட்டான். குற்றமில்லாதவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான். முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோனான். அறிக்கையும் இருந்தது, பரிகாரமும் இருந்தது. ஆனால் அவன் போய் நின்ற ஆசாரியர்கள், அது உன் பாடு என்று கைகழுவிவிட்டார்கள். அவன் உயிரோடு வீடு திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் மட்டும் போதும் என்றிருந்தால் அவன் பிழைத்திருப்பான். பேதுருவுக்கோ கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு காத்திருந்தது, அதன்மேல் மீனும் அப்பமும் இருந்தன. முதலில் சாப்பாடு, அதற்குப் பிறகுதான் கேள்வி. ஏன் மறுத்தாய் என்று இயேசு கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் வேலை கொடுத்தார்.

சபையின் தலைமகனுடைய இந்த அவமானம் நான்கு சுவிசேஷங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை அழித்துவிட ஆதிச்சபைக்கு எல்லா வசதியும் இருந்தது, பேதுருவுக்கும் இருந்தது. அழிக்கவில்லை. மன்னிக்கப்பட்டவருக்கு அதை ஒளிக்க வேண்டிய அவசியம் தீர்ந்துபோயிருந்தது.

எங்கள் தெருக்காரர் தேடிப் பிடித்துவிட்டார். அந்தப் பையன் இப்போது ஆவடியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் போய், ஆஃப்செட்டை மாற்றியது நான்தான் என்று சொன்னார். கடைக்காரர் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, “அந்த வேலை போனதாலதான் எங்க அக்கா கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. உங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்று கேட்டார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கலாம், பறித்த பெயரை எப்படிக் கொடுப்பது? எங்கள் தெருக்காரர் பட்டறைக்குப் போய், அன்று இருந்த போர்மேன் எதிரிலும் முதலாளி எதிரிலும் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். “இதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றாராம் முதலாளி.

இதைக் கேட்டபோது எனக்கு ஃபிராங்க் புக்மனின் நினைவு வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஏழைப் பையன்களுக்கான விடுதியை நடத்திய லுத்தரன் போதகர் அவர். நிர்வாகக் குழு செலவைக் குறைக்கச் சொன்னதில் சண்டை வந்து விலகினார். நியாயம் தன் பக்கம் என்ற கசப்பைச் சுமந்துகொண்டே ஐரோப்பாவைச் சுற்றினார். 1908-இல் இங்கிலாந்தின் கெஸிக் ஊரில், சின்ன ஜெபவீடு ஒன்றில், ஒரு பெண்மணி சிலுவையைப் பற்றிப் பேசியதைக் கேட்டார். அந்த நிர்வாகக் குழுவின் ஆறு பேர் செய்தது தவறாகவே இருக்கட்டும், அவர்கள்மேல் வளர்த்த பகை என்னுடையது அல்லவா என்று உறைத்தது. ஆறு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. ஆனால் எழுதிய மனிதர் மாறிவிட்டார்.

அவரைச் சுற்றி வளர்ந்த ஆக்ஸ்போர்டு குழு என்ற இயக்கம், பாவத்தை ஒருவரிடம் திறந்து சொல்வதையும் இழைத்த தீங்கைப் போய்ச் சரிசெய்வதையும் முக்கியமாக வைத்தது. மகன் குடியிலிருந்து மீண்ட மகிழ்ச்சியில், டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1933-இல் அந்தக் குழுவை ஆக்ரன் நகருக்கு அழைத்தார். ஆக்ரனும் பாடியைப் போல வண்டிச் சாமான் செய்து பிழைத்த ஊர்தான். அங்கே டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் அந்த ஜெபக்கூட்டங்களுக்கு இரண்டு வருடத்துக்கும் மேல் போனார், வேதம் வாசித்தார், ஆனாலும் குடித்துக்கொண்டே இருந்தார். தீங்கு செய்தவர்களிடம் போய்ப் பேசு என்றபோது மட்டும் பின்வாங்கினார். ஊரில் தெரிந்தால் தொழில் போய்விடும் என்ற பயம். 1935 ஜூன் 10-ஆம் தேதி, கை நடுக்கம் நிற்பதற்காகக் கடைசியாக ஒரு பாட்டில் பீர் குடித்துவிட்டு ஆபரேஷன் செய்யப் போனார். முடிந்ததும் வீட்டுக்கு வரவில்லை. யாரைப் பார்க்கப் பயந்தாரோ அவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வெகு நேரம் கழித்துத் திரும்பினார். 1950-இல் சாகும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. பில் வில்சனோடு அவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்த நாளைத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. குடியை விட விரும்பும் எல்லா மதத்தாரும் எந்த மதமும் இல்லாதவரும் இன்று வந்து உட்காரும் கூட்டம் அது. சென்னையிலும் நடக்கிறது. அதன் பன்னிரண்டு படிகளில் தன்னை ஆராய்வது, ஒருவரிடம் சொல்வது, போய்ச் சரிசெய்வது ஆகியவை ஆக்ஸ்போர்டு குழுவின் ஜெபக்கூட்டங்களிலிருந்து வந்தவை.

இதில் சபைகளுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பக்தியே மறுப்புக்குப் போர்வையாகலாம். ஜான் நியூட்டன் 1748-இல் புயலில் கடவுளைக் கூப்பிட்டு மனந்திரும்பியவர். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார், கப்பலிலேயே ஜெபித்தார். 1754-இல் உடல்நலம் கெட்டுக் கடலை விட்டார். அந்த வியாபாரத்தின் கொடுமையை, தன் பங்கையும் சேர்த்து, அச்சில் ஒப்புக்கொண்டது 1788-இல். இடையில் முப்பது வருடத்துக்கும் மேல் ஓடியிருந்தது. மனந்திரும்பிய ஒருவருக்குள்ளேயே ஒரு பூட்டிய அறை இருக்கலாம். ஞாயிறுதோறும் ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்று சேர்ந்து சொல்கிறோம். ‘நாங்கள்’ என்ற கூட்டத்துக்குள் ‘நான்’ வசதியாக ஒளிந்துகொள்ளலாம். விடுதலை பெற்றவரை மறுவாரமே மைக் முன்னால் நிறுத்துவதும் ஆபத்து. மறுபடி விழுந்தால் அதை யாரிடம் சொல்வார்? சகேயு வீட்டில் நடந்ததைப் பாருங்கள். இயேசு முதலில் தங்க வந்தார். அதற்குப் பிறகு சகேயு தானாக எழுந்து, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாய் என்று கணக்குச் சொன்னான். கிருபை வந்த வீட்டில் கணக்கும் திறக்கிறது.

சுத்த மனசாட்சி என்பதைக் குற்றம் மறந்துபோன நிம்மதி என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருக்காரர் அந்த ட்ரேக்களை மறக்கவில்லை. அந்தத் தம்பி இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேச வேண்டும் என்று கேட்க இவருக்கு உரிமையும் இல்லை. “ஆனா இப்ப எந்தத் தெருவுலயும் நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகவேண்டியதில்ல” என்கிறார். மன்னிப்பதும் மன்னிக்காததும் தீங்கு பட்டவரின் சுதந்திரம். உண்மையைச் சொல்லுவது தீங்கு செய்தவரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யும் தைரியத்தைத்தான் சிலுவை கொடுக்கிறது. தீர்ப்பு ஏற்கெனவே இரக்கத்தோடு சொல்லப்பட்டுவிட்டதால், மனிதர்களுடைய பதிலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

இதை வாசிக்கிற யாராவது, நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், போதகரிடம் சொல்லுங்கள், காய்ச்சல் என்று போன் போட்டே ஓய்ந்துபோன மனைவியிடம் சொல்லுங்கள். சபையில் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு உண்டு. ஒருவர் வந்து சொல்லும்போது, அது உன் பாடு என்று சொல்லாத சபையாக நாம் இருக்க வேண்டும்.