பீலிக்கரைக்கு அப்பால்

கொழும்புக் கோட்டையிலிருந்து மலைநாட்டுப் புகையிரதத்தில் வரும் உல்லாசப் பயணிகளுட் பெரும்பாலார் எல்ல நிலையத்திலேயே இறங்கிவிடுவர். ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரைச் சுற்றுப்பாதையையும் கடந்து, 1924ஆம் ஆண்டிற் போடப்பட்ட இருப்புப்பாதையின் கடைசி நிலையமாகிய பதுளையை வண்டி அடையும்போது கூட்டம் வெகுவாகக் குறைந்திருக்கும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், சாரண மாணாக்கர் நாற்பதின்மருடன் நாம் அந்நிலையத்தில் இறங்கினோம். பசறை வீதியிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் பாடசாலை மைதானத்தில் ஐந்து நாள் தங்குவது ஏற்பாடு. ‘பசறையிற் பாசறை’ என்று மாணாக்கர் வழிநெடுகச் சிலேடை பேசி மகிழ்ந்தனர்.

ஊவாவின் பெருமை அதன் தேயிலையின் மணம். அம்மணத்தைத் தருவது காற்று என்பதை அங்கே சென்றோர் அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையுடன் மலைமுகடுகளைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குகின்றது. கச்சான் என்று வழங்கும் இவ்வறட்காற்று ஆடி, ஆவணி மாதங்களில் வீசும்போது தேயிலைக் கொழுந்து தன் வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு வாசனையைத் திரட்டுகின்றது. இலண்டன் நகரத்து வணிகர் ஊவாப் பருவத் தேயிலையை விரும்பி வாங்கியதன் இரகசியம் இதுவே. ஆனால், கொழுந்துக்கு மணமூட்டும் அதே காற்று மலையின் ஊற்றுகளை வற்றச் செய்கின்றது. தேநீர் அருந்துவோருக்கு இப்பகுதி தெரிவதில்லை.

தோட்டத்தில் நீர் என்றால் பீலி. மலைச்சரிவில் ஊறும் நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ குழாயாலோ ஏந்தி, இடுப்பளவு உயரத்தில் விழச்செய்வது அது. குளிப்பது, துவைப்பது, குடத்தில் நிரப்புவது, ஊர்வம்பு பேசுவது யாவும் பீலிக்கரையிலேதான். நாம் தங்கிய மைதானத்துக்கு மிக அண்மையில் இருந்த பீலி சுமார் இருநூறு மீற்றர் கீழே, செங்குத்தான படிகளின் அடியில் இருந்தது. கச்சான் காலமாதலால் அதில் விரல் பருமனுக்கே நீர் விழுந்தது. ஒரு குடம் நிறையக் காத்திருந்த பெண்கள் எம் மாணாக்கரை அன்புடனேயே பார்த்தனர். எனினும் நாற்பது பேர் மூன்று வேளையும் கைகழுவ அந்த நீரைப் பங்குபோடுவது நியாயமன்று.

சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நமக்குக் கை சுத்தம் எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வயிற்றோட்டமும் சீதபேதியும் செங்கமாரியும் ஒரே பானையிற் பலர் உண்ணும் இடத்தில் விரைந்து பரவும். வியன்னா நகர மருத்துவமனையில் ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்க்குமுன் மருத்துவர் கைகழுவ வேண்டும் என்று 1847ஆம் ஆண்டிற் கட்டாயப்படுத்தியபோது தாய்மாரின் மரணம் பெருமளவிற் குறைந்தது. அவ்வளவு எளிய உண்மையை ஏற்க அக்கால மருத்துவருட் பலர் மறுத்தனர் என்பது வரலாறு.

நாம் கைக்கொண்ட உபாயம் எமது கண்டுபிடிப்பன்று. ஆபிரிக்காவின் ஸிம்பாப்வே நாட்டுக் கிராமங்களுக்கென 1980களில் உருவாக்கப்பட்டது அது. ‘டிப்பி டாப்’ என்று பெயர். நான்கு தடிகளும் ஒரு பழைய கலனும் கொஞ்சம் கயிறுமே அதன் மூலதனம். மாணாக்கர் கொய்யா மரத்திலிருந்து கவைத்தடிகள் இரண்டை வெட்டி, ஒரு முழம் ஆழத்தில் ஊன்றினர். கவைகளின்மேல் குறுக்குத்தடி ஒன்று கிடந்தது. அதில், கைப்பிடியுடன் கூடிய 5 லீற்றர் கலனைக் கோத்துத் தொங்கவிட்டனர். கலனின் முன்பக்கத்தில், மூடிக்குச் சற்றுக் கீழே, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரே ஒரு துளை. கலனின் கழுத்தில் கட்டிய கயிறு கீழிறங்கித் தரையிலுள்ள மிதிதடியின் நுனியிற் சேரும். துளைக்குக் கீழ்மட்டம் வரையே நீர் ஊற்ற வேண்டும். மிதித்தால் கலன் தலைகவிழ்ந்து மெல்லிய தாரையாய் நீர் விழும். காலை எடுத்தால் கலன் நிமிர்ந்துகொள்ளும். அழுக்குக் கை எதனையும் தொடுவதில்லை என்பதே இதன் சிறப்பு. குழாயைத் திறந்த கையாலேயே மூடும் நமது வீட்டு வழக்கத்தினும் இது மேலானது.

மாணாக்கன் ஒருவன் கணக்கிற் கெட்டிக்காரன். பத்துப் பேர் கழுவிய பின்னர் கலனிற் குறைந்த நீர் ஏறக்குறைய 1 லீற்றர்தான் என்று அளந்து சொன்னான். குவளையால் மொண்டு ஊற்றியபோது மூவருக்கே அந்நீர் போதவில்லை. கீழே கூழாங்கல் பரப்பியதால் சேறும் இல்லை. துன்பம் தந்தது சவர்க்காரமே. முதல்நாள் தட்டில் வைத்ததைக் காகம் தூக்கிச் சென்றது. மறுநாள், பழைய காலுறையினுள் இட்டுக் குறுக்குத்தடியிற் கட்டிய பின்னரே அது நிலைத்தது. சமையற்கூடத்தின் அருகில் ஒன்றும் மலசலகூடத்தின் வாயிலில் ஒன்றுமாக இரண்டை நாட்டினோம். இடம் சரியாக வாய்க்காவிடின் எவரும் கைகழுவப் போவதில்லை. நாற்பதடி நடப்பதற்குப் பதில் காற்சட்டையில் துடைத்துக்கொள்வதே இளைஞர் இயல்பு.

விளையாட்டுப்போலத் தோன்றும் இப்பொருள் விளையாட்டன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியோர் அயலிலுள்ள பாடசாலைகளில் தங்கினர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெருந்துயருற்றது. வகுப்பறைகளிற் பாய்விரித்து நூற்றுக்கணக்கானோர் உறங்கும் வேளையில், வெளியே வெள்ளம் பாய்ந்தாலும் கைகழுவ நல்ல நீர் கிடைப்பதரிது. சாரணர் ஒரு பிற்பகலில் பழகிய வேலை அத்தகைய இடத்திலேதான் உண்மையிற் பயன்படும்.

ஆயினும் எம் மனத்தைத் தொட்டது வேறொரு தேவை. மூன்றாம் நாள் காலை, கொழுந்துக்கூடையுடன் மலையேறிய பெண்கள் சிலர் எமது பொறியைச் சுற்றி நின்று மிதித்துப் பார்த்துச் சிரித்தனர். அவர்களுள் மூத்தவர், “சார், இதை எங்க மடுவத்துல ஒண்ணு கட்டித் தருவீங்களா?” என்று கேட்டார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையே மடுவம். பீலி அங்கிருந்து வெகுதூரம். தேயிலைச் செடியின் கறையும், சில நாட்களில் உரமும் மருந்தும் படிந்த விரல்களுடனேயே அவர்கள் மலையில் நண்பகல் உணவை உண்கின்றனர். நாட்டின் ஏற்றுமதிக்கு இத்துணை உழைத்த கைகளுக்கு ஒரு கலன் நீர் அருகில் இல்லையே என்பதை அதுவரை நாம் எண்ணிப்பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மாணாக்கர் இரு பொறிகளையும் பிடுங்கி மடுவத்துக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே தரை பாறையாயிருந்ததால் ஊன்ற இயலவில்லை. கொட்டகையின் தூணிலேயே குறுக்குத்தடியைக் கட்டினர். தினமும் நீர் கொண்டுவந்து நிரப்புவது யார் என்ற வினா எழுந்தது. பெண்கள் தமக்குள் முறைவைத்துக்கொண்டனர். சவர்க்காரத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்பதாகக் கணக்கப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.