பேசேல்லை

கேள்வி எண் 61. அதற்குப் பதிலாக நேர்காணல் குறிப்பில் இருந்தது ஒரே வரி: "யாரும் என்னிடம் பேசவில்லை."

2014-இல் லண்டனில் என் மேசைக்கு வந்த நிராகரிப்புக் கடிதம் அந்த வரியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அகதித் தஞ்சம் கேட்டவர் வன்னி இளைஞர். (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) மூன்று நாள் அடைத்துவைத்து விசாரித்தார்கள், அடித்தார்கள் என்பது அவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். நேர்காணலிலோ யாரும் பேசவே இல்லை என்கிறார். இரண்டில் ஒன்று பொய், ஆகவே எல்லாமே பொய். கூடவே இன்னும் இரண்டு முரண்பாடுகள். உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று படிவத்தில் சொன்னவர், பிறகு இயக்கத்தில் இருந்த அண்ணனைப் பற்றிச் சொல்கிறார். அந்த அண்ணனும் ஓரிடத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறார், இன்னோரிடத்தில் குண்டு வெடித்து இறக்கிறார்.

நான் மதுரைக்காரன். உள்ளதைச் சொன்னால், எனக்கும் சந்தேகம்தான் வந்தது. அவரை வரவழைத்து உட்காரவைத்து, "தம்பி, எங்கிட்ட மறைக்காதீங்க. அங்க உங்ககிட்ட யாருமே பேசலையா?" என்றேன்.

"இல்லை சேர், ஒருத்தரும் பேசேல்லை. அடிச்சவங்கள்."

அதே பதில். வழக்கை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்றுகூட அன்று மாலை யோசித்தேன்.

காப்பாற்றியது ஒரு குறுந்தகடு, நேர்காணலின் ஒலிப்பதிவு. அது சும்மா வந்த சலுகையல்ல. தஞ்சம் கேட்பவரோடு வழக்கறிஞர் நேர்காணலுக்குப் போவதற்குக் கிடைத்துவந்த அரசு நிதி 2004-இல் பெரும்பாலும் நின்றுபோனது. அதன்பின் அறைக்குள் கேள்வி கேட்பவரும் அரசு ஆள், எழுதுபவரும் அரசு ஆள், மொழிபெயர்ப்பாளரும் அரசு அனுப்பியவர். 2005-இல் டிர்ஷி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த நிலையில் ஒருவர் கேட்டால் ஒலிப்பதிவு செய்வதே நியாயம் என்றது. முகம் தெரியாத அந்த டிர்ஷிக்கு நான் கடன்பட்டவன்.

பதிவை ஓடவிட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான குரல். "உங்ககிட்ட யாராவது பேசினாங்களா?" என்று கேட்கிறார். "பேசேல்லை" என்று பதில். உடனே அது ஆங்கிலமாகிறது, தட்டச்சு கேட்கிறது. ஒரு மூச்சு விட்டு "அடிச்சவங்கள்" என்கிறார் இளைஞர். அதற்குள் அதிகாரி அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த சாவகச்சேரி அக்காவிடம் அதைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்கட பக்கம் பேசுறதெண்டா ஏசுறது. நீங்கள் சொல்லுற பேச்சுக்கு நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். அந்தப் பெடியன் சொல்லுறான், வாயால ஏசேல்லை, நேரா அடிச்சவங்களெண்டு."

வெடியும் அப்படித்தான். பதிவில் இருப்பது "அண்ணாவுக்கு வெடி வைச்சவங்கள்". அங்கே அதற்குத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று பொருள். சிவகாசிப் பக்கத்துக் காதுக்கு அது குண்டு. அண்ணன் விஷயத்துக்கு வன்னி வரை போகவே வேண்டாம். பெரியப்பா மகன் மதுரையிலும் அண்ணன்தான். படிவம் கேட்டது கூடப்பிறந்தவரை. இதையாவது நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, நானும் வெள்ளைக்காரனைப் போலவே அதை வாசித்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரிகிறதா என்று நேர்காணலின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்பார்கள். இரண்டு தடவையும் இவர் "ஓம்" என்றிருந்தார். ஏன் என்றேன். "அவர் வயசான மனுசன் சேர். விளங்கேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" அதோடு, அவருக்கு எல்லாம் விளங்கத்தான் செய்தது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருப்பார். இரண்டு பேருக்குமே தெரிந்த சொல், ஒருவரும் நிற்கவில்லை.

இதைத் தீர்ப்பாயத்தில் நிறுவுவது வேறு வேலை. அங்கே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சாட்சியல்ல, அவரிடம் பொருள் கேட்க முடியாது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தனி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முழுப் பதிவையும் வரிக்குவரி எழுதி, விளக்கத்தோடு வாக்குமூலம் தந்தார். முதுகுத் தழும்புகள் பற்றிய மருத்துவர் அறிக்கையும் இருந்தது. சித்திரவதைக் காயங்களை மதிப்பிடும் இஸ்தான்புல் நெறிமுறையின் படிநிலைகளில் அது "பெரிதும் பொருந்துகிறது" என்ற படியில் நின்றது.

ரோஸ்பெரி அவென்யூவில் உள்ள டெய்லர் ஹவுஸில் விசாரணை. "எல்லாம் ஒரே தமிழ்தானே?" என்றார் அரசுத் தரப்புப் பிரதிநிதி. நீதிபதி ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் ஊரில் 'மெசேஜஸ்' வாங்கப் போகிறேன் என்றால் மளிகைக் கடைக்குப் போகிறேன் என்று அர்த்தம், லண்டனுக்கு வந்த புதிதில் அதைச் சொல்லி விழித்திருக்கிறேன் என்றார். அத்தோடு அந்தக் குறுக்கு விசாரணை சுருங்கிவிட்டது.

தஞ்ச வழக்கில் ஆபத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான அளவு வாய்ப்பு இருந்தால் போதும். 1987-இல் பிரபுக்கள் சபை இந்த அளவுகோலை வகுத்த சிவகுமாரன் வழக்கில் மனுதாரர்கள் ஆறு பேரும் இலங்கைத் தமிழர்கள். அவர்கள் அன்று தோற்றார்கள். அவர்கள் தோற்ற வழக்கின் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் இத்தனை வருடம் வாதாடியிருக்கிறோம். 2022 ஜூன் 28 முதல் வரும் மனுக்களுக்கு அதில் ஒரு பகுதியை இறுக்கிவிட்டார்கள். அந்த இளைஞர் இன்று வந்திருந்தால் என் வேலை இன்னும் கடினமாகியிருக்கும்.

சில வாரங்களில் தீர்ப்பு தபாலில் வந்தது. ஜெயித்தோம். ஐந்து வருட அனுமதி.

அது கைக்கு வந்த சூட்டோடு இன்னொரு கடிதமும் வந்தது. அகதி என்று ஏற்றுக்கொண்டாயிற்று, இனி 28 நாளில் தங்குமிடத்தைக் காலி செய்ய வேண்டும், உதவித்தொகையும் நின்றுவிடும். வேலை பார்க்க அதுவரை அனுமதியே இல்லாத ஆள், 28 நாளில் வேலையும் வீடும் தேட வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"வாங்க தம்பி, உட்காருங்க. பேசுவோம்" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே, "பேசுறதுக்கு நான் என்ன பிழை விட்டனான், அண்ணை?" என்றார். அன்றுவரை என்னை சேர் என்றுதான் கூப்பிட்டுவந்தார்.